எந்த நாஸ் வாங்கலாம்? முதலில் அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

கேள்வி: தூத்துக்குடியில் கீழ்த்தள வீட்டில் இருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கம்ப்யூட்டரும் அதிலிருந்த படங்களும் போயின. பரண் மேல் இருந்த ஒரு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பியது. அப்பா ஃபிலிம் கேமராவில் எடுத்த 25 வருடப் படங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் வீடியோக்கள், ஆசிரியை என்பதால் என் பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான். மொத்தம் 900 ஜிபி. வருடம் 150 ஜிபி கூடும். கொஞ்ச நாளாக அந்த டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வருகிறது. நாஸ் பெட்டி வாங்கி இரண்டு டிஸ்க் போட்டால் வேறு பிரதியே வேண்டாம் என்கிறான் அக்கா மகன். எந்தக் கம்பெனி நம்பகமானது? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் அங்கிருந்தே படங்களைப் பார்க்க முடியுமா? கரண்ட் அடிக்கடி போகும், இன்வெர்ட்டர் இருக்கிறது. மாமியார் வீடு கோவில்பட்டியில். 50,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படிக்கும்போது அந்த ஹார்டு டிஸ்க் லேப்டாப்பில் செருகியிருந்தால், முறைப்படி வெளியேற்றிவிட்டுக் கழற்றி வையுங்கள். சும்மா ஒரு தடவை பார்ப்போம் என்றுகூட இனிச் செருக வேண்டாம்.

டிஸ்க்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 சுற்று என்ற வேகத்தில் சுழல்கின்றன. அவற்றுக்கு மேலே, ஒரு தூசிகூட நுழைய முடியாத இடைவெளியில், எழுதிப் படிக்கும் முனை மிதக்கிறது. தேடும் தடம் கிடைக்காதபோது அந்த முனை தன் இருப்பிடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி முயற்சி செய்யும். நீங்கள் கேட்கிற டக் டக் அதுதான். ஒவ்வொரு முயற்சியிலும் முனை தட்டை உரசும் அபாயம் இருக்கிறது. உரசிய இடத்தில் உள்ள படத்தை யாராலும் மீட்க முடியாது.

அதனால் நீங்களே ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்ய உட்காராதீர்கள். டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோய், "முழு டிஸ்க்கையும் முதலில் அப்படியே குளோன் எடுங்கள், கெட்டுப்போன இடங்களைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்ப வாருங்கள்" என்று சொல்லுங்கள். இதே சொற்களில் சொன்னால் தொழில் தெரிந்தவருக்கு உடனே புரியும். டிஸ்க்கில் நேரடியாக ரிப்பேர் புரோகிராம் ஓட்டுகிறேன் என்று ஆரம்பிப்பவரிடம் கொடுக்காதீர்கள். சுத்தமான அறை வசதி இல்லாமல் டிஸ்க்கைத் திறக்கவும் விடாதீர்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். அப்படி வைத்து எடுத்த ஒரு டிஸ்க் என் மேசைக்கு வந்தது. திறந்து பார்த்தோம், தட்டின் மேல் நீர்த்துளி காய்ந்த வட்டங்கள் இருந்தன. அந்தக் குடும்பத்துக்கு என்னால் ஒரு படம்கூட எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

குளோன் கைக்கு வந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். இனி உங்கள் கேள்விகள்.

நாஸ் என்பது வீட்டு ரவுட்டரோடு கேபிளில் இணைந்து, எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கம்ப்யூட்டர். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, உள்ளே ஒன்றோ இரண்டோ நாலோ ஹார்டு டிஸ்க். உங்கள் செல்போன் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் புதுப் படங்கள் தாமாக அதில் போய்ச் சேரும். லேப்டாப்பும் அப்படியே. இந்த "தாமாக" என்பதற்காகத்தான் வீட்டில் நாஸ் வைக்கலாம் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிப்போடுவது போல அது தள்ளிப்போடாது.

உங்கள் அக்கா மகன் சொல்வது ரெய்டு 1 என்ற ஏற்பாடு. ஒரு டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் அதே நொடியில் இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். பையன் சொல்வதில் அதுவரை தப்பில்லை. வேறு பிரதியே வேண்டாம் என்கிறான் பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மதுரையில் நான் பராமரிப்புப் பார்க்கும் இடங்களில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஒரு சிறு கடை உண்டு. ஒருநாள் காலையில் அவசரமாகக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், நாஸில் இருந்த ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. முந்தைய நாள் யாரோ ஒரு பில் என்று நினைத்து மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்திருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் புகுந்த ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் புரோகிராம், அதோடு இணைந்திருந்த நாஸ் ஃபோல்டர்களையும் இரவோடு இரவாகப் பூட்டிவிட்டது. பெட்டியின் முன்புறம் இரண்டு டிஸ்க்குக்கும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு டிஸ்க்கும் நல்ல ஆரோக்கியம். பூட்டிய ஃபைலை ஒன்றில் எழுதியபோது மற்றதிலும் ஒழுங்காக எழுதியிருந்தது ரெய்டு. அதன் வேலை அதுதானே. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது அலமாரியில் கிடந்த ஒரு பழைய போர்ட்டபிள் டிஸ்க். அதில் ஏழு மாதத்துக்கு முந்தைய பிரதி இருந்தது. நடுவில் எடுத்த கல்யாணங்கள் போனது போனதுதான்.

டிஸ்க் சாவது ஒன்றும் அபூர்வமல்ல. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கை வருடாவருடம் வெளியிடுகிறது. 2024-இல் அவர்களிடம் நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் பழுதாயின. ரெய்டு 1 அந்த ஒரு ஆபத்தைத்தான் தடுக்கிறது. பிள்ளை கைதவறி ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் பெட்டியோடு இரண்டும் போகும். தண்ணீர் வந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில் மூழ்கும். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உங்களுக்கு டிஸ்க் பழுதை விடத் தண்ணீர்தான் பெரிய எதிரி.

பேக்கப் வேலையில் 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. புகைப்படக்காரர் யோசித்த கணக்கு என்பதாலோ என்னவோ, குடும்பப் படங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. உங்களுக்கு வெளியிடம் தயாராகவே இருக்கிறது: கோவில்பட்டி. கடலிலிருந்து தள்ளி, மேட்டில். இதைவிட நல்ல இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். இரண்டு டிஸ்க் போடக்கூடிய நாஸ் பெட்டி ஒன்று. அதற்கு 4 டிபி டிஸ்க் (ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி). இரண்டு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 2 டிபி. வாராவாரம் ஒரு போர்ட்டபிளை நாஸின் யு.எஸ்.பி. துளையில் செருகி, பேக்கப் ஓடி முடிந்ததும் கழற்றி பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். கழற்றி வைத்திருக்கும் டிஸ்க்கை எந்த ரான்சம்வேரும் தொட முடியாது. மற்றது கோவில்பட்டியில் இருக்கட்டும். நீங்கள் ஆசிரியை. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு விடுமுறைக்கு மாமியார் வீட்டுக்குப் போகும்போது இங்குள்ளதை அங்கே வைத்துவிட்டு அங்குள்ளதை எடுத்து வாருங்கள். தனியாக நாள் குறிக்கத் தேவையில்லை, பள்ளிக் காலண்டரே உங்களுக்கு ஞாபகப்படுத்தும்.

இவை அனைத்தையும், 4 டிபி டிஸ்க்கை இரண்டாகவும் கூடவே ஒரு யு.பி.எஸ்.ஸையும் சேர்த்து ஒரே நாளில் வாங்கினால் உங்கள் 50,000-ஐத் தாண்டிவிடும். ஏதாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும். கடைக்காரர் போர்ட்டபிள்களைக் குறைக்கச் சொல்வார். நான் நாஸின் இரண்டாவது டிஸ்க்கைக் குறைக்கச் சொல்கிறேன். ஒரே டிஸ்க்கோடு ஆரம்பியுங்கள். அது செத்தால் ஒரு நாள் வேலை கெடும். போர்ட்டபிளிலிருந்து எல்லாம் திரும்பிவிடும். போர்ட்டபிள் இல்லாமல் இரண்டு டிஸ்க் போட்டு, வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் திரும்ப எதுவுமே வராது. அடுத்த போனஸிலோ அகவிலைப்படி நிலுவையிலோ இரண்டாவது டிஸ்க்கைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஒரு நன்மையும் உண்டு: ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு டிஸ்க்குகள் வயதாகும்போதும் சேர்ந்தே வயதாகும். இடைவெளி விட்டு வாங்கினால் அந்தக் கவலை குறைவு.

கம்பெனிக்கு வருகிறேன். நம்பகமான நாஸ் எது என்று கேட்கும் எல்லோரும் இரும்புப் பெட்டியின் உறுதியைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, இந்தக் கம்பெனி இந்தப் பெட்டிக்கு எத்தனை வருடம் மென்பொருள் அப்டேட் கொடுக்கும் என்பதைத்தான். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பெட்டி 2010 வாக்கில் வந்தது. உலகமெங்கும் வீடுகளில் ஓடியது. 2015-க்குப் பிறகு அதற்கு அப்டேட் வரவில்லை. பெட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2021 ஜூனில் ஒரு நாள், இணையத்தோடு இணைந்திருந்த அந்தப் பெட்டிகளை யாரோ வெளியிலிருந்தே அழித்துவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு ஃபோல்டர்கள் காலியாக இருந்தன. பெட்டியில் ஒரு திருகுகூடக் கழன்றிருக்கவில்லை.

அந்த அளவுகோலில் வீட்டு உபயோகத்துக்கு நான் பெரும்பாலும் சொல்வது தைவானின் சினாலஜி. உங்கள் தேவைக்கு டி.எஸ்.223 என்ற மாடல் போதும். கடையில் அதைவிட விலை குறைந்த டி.எஸ்.223ஜே என்ற தம்பியைக் காட்டுவார்கள். நானாக இருந்தால் அதை வாங்க மாட்டேன். மெமரி பாதி என்பது ஒரு காரணம். பெரிய காரணம் ஸ்னாப்ஷாட். குறிப்பிட்ட நேரத்தில் ஃபோல்டர் எப்படி இருந்ததோ அதை அப்படியே முத்திரை குத்தி வைக்கும் வசதி அது. டி.எஸ்.223-இல் பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் இது கிடைக்கும். தம்பிப் பெட்டியில் அந்தக் கோப்பு முறையே கிடையாது. தினம் இரவு ஒரு ஸ்னாப்ஷாட், 30 நாள் வரை வைத்திரு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பிள்ளை அழித்த ஃபோல்டரை நேற்றைய தேதிக்குப் போய் எடுத்துவிடலாம். படங்கள் அடிக்கடி மாறுவதில்லை என்பதால் இதற்குப் பெரிய இடமும் பிடிக்காது. மதுரைக் கடையில் இது இருந்திருந்தால், முந்தைய மாலைக்குத் திரும்பிப் போயிருப்பார்கள். ஒரு நிபந்தனை: லேப்டாப்பிலிருந்து நாஸுக்குள் போகும் கணக்கு சாதாரணப் பயனர் கணக்காக இருக்க வேண்டும், அட்மின் கணக்காக இருக்கக் கூடாது. இல்லையென்றால் லேப்டாப்பில் புகுந்தவன் கையில் ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் சாவியும் சிக்கிவிடும்.

பெட்டியை முதலில் அமைக்கும்போது, டிஸ்க் எப்படிச் சேர்க்க வேண்டும் என்று கேட்கும். எஸ்.எச்.ஆர். என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்று ஒரே டிஸ்க்கோடு ஓடி, நாளை இரண்டாவதைச் செருகினால் உள்ளிருப்பது அழியாமலே இரட்டைப் பிரதியாக மாறிக்கொள்ளும். பெட்டியே ஒருநாள் கெட்டாலும் டிஸ்க்கை அதே கம்பெனியின் வேறு பெட்டிக்கு மாற்றலாம், லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டும் படிக்கலாம். இந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியம். பெட்டிக்குள் வைத்தது பெட்டியோடு சிறைப்படக் கூடாது.

சினாலஜி எல்லாவற்றிலும் சரியாக நடந்துகொண்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரலில், அந்த வருடத்தின் பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தங்கள் முத்திரை பதித்த அல்லது தாங்கள் ஒப்புதல் கொடுத்த டிஸ்க்குகளையே போட வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர்களிடம் கடும் எதிர்ப்பு. அக்டோபரில், பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான டி.எஸ்.எம்.மின் 7.3 அப்டேட்டோடு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். டி.எஸ்.223 அந்த வரிசையில் சேராது, உங்களுக்குப் பாதிப்பில்லை. ஆனாலும் எந்தக் கம்பெனியின் நாஸை வாங்கினாலும், வாங்கப்போகும் டிஸ்க்கின் மாடல் அதில் ஓடுமா என்று கம்பெனியின் இணையதளத்திலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள். கியூநாப், அசுஸ்டோர் பெட்டிகளும் நன்றாகவே உழைக்கும். நான் சில இடங்களில் போட்டிருக்கிறேன். ஆனால் கணினிப் பழக்கம் குறைவான வீட்டுக்கு சினாலஜியின் படங்கள் பார்க்கும் ஆப்தான் சுலபம்.

டிஸ்க் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஓட்டு வீட்டில் ஓடு வேய்வதைப் பார்த்திருப்பீர்கள், ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறியிருக்கும். எஸ்.எம்.ஆர். என்ற வகை டிஸ்க்கில் தடங்கள் அப்படித்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். அதே தட்டில் அதிகம் எழுதலாம், விலையும் குறையும். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் இல்லையா, அதேபோல் ஓரிடத்தில் எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். இரட்டைப் பிரதியில் ஒன்று செத்துப் புது டிஸ்க் போடும்போது, அதில் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். எஸ்.எம்.ஆர். டிஸ்க் அந்த இடத்தில்தான் திணறும். 2020-இல், நாஸுக்கு என்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரையிலான சிலவற்றில், அட்டைப்பெட்டியில் சொல்லாமலே இந்த முறை இருந்தது வெளியே வந்தது. அதன் பிறகுதான் பழைய முறையிலான, தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். அதனால் பில்லில் "ரெட்" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள், "ரெட் பிளஸ்" என்று இருக்க வேண்டும். சீகேட் என்றால் அயன்வுல்ஃப். இரண்டுக்கும் மூன்று வருட வாரண்டி. போர்ட்டபிள் டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்.எம்.ஆர். வகைதான். வாரம் ஒருமுறை எழுதிக் கழற்றி வைப்பதற்கு அது போதும்.

பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணும் டிஸ்க்கின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்தச் சீரியல் எண்ணைத் தயாரித்த கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் தட்டிப் பாருங்கள். இந்தியாவில் வாரண்டி இல்லை என்று வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2025 ஆரம்பத்தில் ஜெர்மனியில், கிரிப்டோ நாணயம் எடுக்க ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகள், ஓடிய நேரக் கணக்கை அழித்துவிட்டுப் புதிது என்று விற்கப்பட்டது அம்பலமானது. கம்பெனிக்குத் தெரியாமல் இடையில் நடந்த வேலை அது. ஆகவே ஆன்லைனில் எடுத்தால், யார் விற்கிறார் என்ற பெயரையும் பாருங்கள். மற்ற இடங்களை விட ஆச்சரியமாக விலை குறைந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

4 டிபி போட்டால் பெட்டி 3.6 என்று காட்டும். பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறை வேறு. உங்கள் 900 ஜிபி, வருடம் 150 வீதம் ஐந்து வருடத்தில் 1,650 ஆகும். 4 டிபி தாராளம். நாஸுக்கு 8 டிபி போடச் சொல்வார்கள், அந்தக் காசில் இரண்டாவது போர்ட்டபிளே வந்துவிடும்.

கரண்ட். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் "யு.பி.எஸ்." என்றும் "நார்மல்" அல்லது "எக்கோ" என்றும் இரண்டு நிலை உண்டு. நார்மலில் இருந்தால் கரண்ட் போகும்போது மாறுவதற்குச் சற்று அதிக நேரம் எடுக்கும், டி.வி. ஒருமுறை அணைந்து எரியும். நாஸும் அப்படி அணைந்து எரியக் கூடாது. யு.பி.எஸ். நிலைக்கு மாற்றுங்கள். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் பேட்டரிக்குத் தாவும், அது பரவாயில்லை. தற்காலிகமாக இது போதும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் நாஸிடம் சொல்லாது. நடு இரவில் பேட்டரி தீர்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் கோப்பு முறை சேதமாகலாம். இரண்டாவது டிஸ்க் வாங்கும்போதோ அதற்கு முன்போ, யு.எஸ்.பி. வழியாகத் தகவல் சொல்லக்கூடிய ஒரு சிறு யு.பி.எஸ். வாங்குங்கள். யு.எஸ்.பி. கேபிள் இல்லாத மாடலும் கடையில் இருக்கும், அதனால் கேபிள் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அதன் கேபிளை நாஸில் செருகி, கரண்ட் போய் ஐந்து நிமிடம் ஆனால் ஒழுங்காக மூடிக்கொள் என்று அமைத்துவிடலாம். மின்செலவு பெரிதில்லை. பெட்டி 20 வாட்டுக்குள்தான் எடுக்கும், நாளுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு.

வைக்கும் இடம் ஹாலில், ரவுட்டருக்குப் பக்கத்தில், தலை உயரத்துக்குச் சுவரில் அடித்த பலகை. போன தடவை தண்ணீர் நின்ற கறைக்கு மேலே நன்றாக ஏற்றி அடியுங்கள். பரணில் வேண்டாம், மே மாதத்தில் கூரைக்கு அடியில் கொதிக்கும். கதவு மூடிய டி.வி. ஷெல்ஃபுக்குள்ளும் வேண்டாம். டிஸ்க்கின் வெப்பம் 50 டிகிரியைத் தொட்டால் ஃபோனுக்குச் செய்தி வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர் என்பதால் விசிறியில் உப்பும் தூசியும் சேர்ந்து பிசினாக ஒட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அணைத்துவிட்டு மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். இன்னொன்று, பல்லி. கதகதப்பைத் தேடிப் பின்பக்கத் துளை வழியாக உள்ளே போகும். நான் கழற்றிய பெட்டிகளில் விசிறிக்குள் சிக்கிக் காய்ந்த பல்லியை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். விசிறித் துளைக்கு மெல்லிய வலை போடலாம், காற்றை அடைக்காத அளவுக்கு.

கணவர் சிங்கப்பூரிலிருந்து பார்க்கலாம், ஆனால் வழி முக்கியம். ரவுட்டரில் "போர்ட் திறந்து" நேரடியாக இணையத்துக்குக் காட்டிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர்கள் இப்படி வெளியே தெரிந்த கியூநாப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டின. டெட்போல்ட் ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. அடுத்த மாதமே அசுஸ்டோர் பெட்டிகளிலும் புகுந்தது. சினாலஜிக்கும் 2014-இல் இதே அனுபவம் உண்டு. அதனால் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு வி.பி.என். ஆப்பை நாஸிலும் அவர் ஃபோனிலும் போடுங்கள். அவர் ஃபோன் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பது போல நாஸுக்குத் தெரியும், தெருவில் போகிறவனுக்கு வாசலே தெரியாது. அவருக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு. அட்மின் என்ற பெயரில் உள்ள கணக்கை முடக்கிவிட்டு வேறு பெயரில் ஒன்று, அதற்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டோடு ஃபோனில் வரும் குறியீட்டையும் கேட்பது. அப்டேட் தானாக ஏறும்படி வைத்துவிடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரையே நாஸாக மாற்றலாமே என்று அக்கா மகன் அடுத்துக் கேட்பான். முடியும். அவன் வேலைக்கு வெளியூர் போன பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள்.

அப்பாவின் ஸ்கேன்களுக்கு மட்டும் நான்காவதாக ஒரு பிரதி கிளவுடில் இருக்கட்டும். பிள்ளைகளின் வீடியோக்களில் சில உறவினர்கள் ஃபோனிலாவது கிடைக்கும். அப்பாவின் நெகட்டிவ்கள் வெள்ளத்தில் போயிருந்தால் அந்த ஸ்கேன்தான் மூலம். 900 ஜிபி முழுவதையும் 40 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஏற்ற 50 மணி நேரம் ஓட வேண்டும், மாதக் கட்டணமும் கூடும். ஸ்கேன் ஃபோல்டர் மட்டும் என்றால் ஓரிரு இரவுகளில் ஏறிவிடும்.

எல்லாம் அமைத்து ஒரு வாரம் கழித்து ஒரு சோதனை செய்யுங்கள். நாஸை அணைத்துவிடுங்கள். பீரோ மேலிருக்கும் போர்ட்டபிளை மட்டும் வைத்து, அப்பா எடுத்த ஏதாவது ஒரு படத்தை லேப்டாப்பில் திறக்க முடிகிறதா பாருங்கள். சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் என்ற பேக்கப் ஆப் தன் சொந்த வடிவத்தில் எழுதும், திறக்க அதற்கான சிறு புரோகிராம் வேண்டும். அதை இப்போதே லேப்டாப்பில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அது சிரமமாகத் தோன்றினால் யு.எஸ்.பி. காப்பி என்ற வசதியில் சாதாரண ஃபோல்டர்களாகவே எழுதிக்கொள்ளலாம். எது செய்தாலும் ஒரு படம் கண்ணால் திறந்த பிறகுதான் பேக்கப் இருக்கிறது என்று நான் எழுத்தில் கொடுப்பேன், என் வாடிக்கையாளர்களுக்கும் அப்படித்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டு வருடம் முன்பு ஒரு அம்மா கையில் நாஸ் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். வீட்டுக்காரர் திடீரென்று தவறிப்போய்விட்டார். மகள் கல்யாணத்துக்கு அவர் படம் வேண்டும், எல்லாம் இதில்தான் வைத்திருக்கிறேன் என்று அவர் அடிக்கடி சொல்வார் என்றார். பெட்டி நன்றாக இருந்தது, டிஸ்க்குகளும் நன்றாக இருந்தன. அவர் கெட்டிக்காரர். எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்து வைத்திருந்தார். பாஸ்வேர்டு அவர் மனதில் மட்டும் இருந்தது. அந்த அம்மா ஒரு தாளில் பிள்ளைகள் பிறந்த நாள், கல்யாண நாள், குலதெய்வத்தின் பெயர் என்று எழுதி எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் முயன்று பார்த்தோம். பெட்டியை அதே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

அதனால் ஒரு முழுத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அட்மின் கணக்குப் பெயர், பாஸ்வேர்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பின் மாற்றுக் குறியீடுகள், போர்ட்டபிளுக்குப் பாஸ்வேர்டு வைத்தால் அதுவும், கோவில்பட்டியில் டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது. பேனாவால் தெளிவாக எழுதுங்கள். ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அதன் நகலைக் கோவில்பட்டி வீட்டில், டிஸ்க் இருக்கும் அலமாரியை விட்டு வேறு இடத்தில் கொடுத்து வையுங்கள். அடுத்த முறை கணவர் ஊருக்கு வரும்போது, அந்தத் தாளை மட்டும் கையில் கொடுத்து, உங்கள் உதவி இல்லாமல் அப்பாவின் படம் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.